ஒரு மாதமாவது

வகுப்பு ஒன்பது மணிக்கு. ஆர்லஸ் பெட்வே எட்டே முக்காலுக்கே வந்து கதவை ஒட்டிய நாற்காலியில் உட்காருவார். எட்டு ஐம்பதுக்கு எழுந்து, வண்டியைப் பூட்டினோமா என்று பார்க்கப் போவார். பூட்டியிருக்கும். திரும்பி வந்து உட்காருவார். வலது கால் மட்டும் மேஜைக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும்.

நாற்பத்தைந்து வயது. ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம், பீரங்கி இழுக்கும் வண்டிகளுக்கு மெக்கானிக். ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகிறது. வகுப்பில் மற்ற எல்லோருக்கும் பதினெட்டு, பத்தொன்பது. அவர்களில் ஒருத்தி ஜனேயா பெட்வே, அவருடைய மகள். ஜன்னல் பக்கம் மூன்றாவது வரிசையில் உட்காருவாள். கதவிலிருந்து அந்த அறையில் அதற்கு மேல் தள்ளிப்போக முடியாது.

முதல் நாள் திருமதி டோயெபோ பெயர் வாசித்தார்.

"பெட்வே?"

"பிரசன்ட், மேடம்!" ஆர்லஸ் எழுந்து விறைப்பாக நின்றார். கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன.

"உக்காருங்க, உக்காருங்க. இங்க யாரும் எந்திரிக்க வேண்டாம். இன்னொரு பெட்வேயும் லிஸ்ட்ல இருக்கே?"

ஜனேயா பேனாவை மட்டும் தூக்கிக் காட்டினாள்.

"ரெண்டு பேரும் சொந்தமா?"

"இல்ல," என்றாள் ஜனேயா.

"ஆமா, மேடம்," என்றார் ஆர்லஸ்.

பின்வரிசையில் ஒரு பையன், "அண்ணன் தங்கச்சி போல, மேடம். சண்டைல இருக்காங்க," என்றான். வகுப்பு சிரித்தது. அன்றிலிருந்து பையன்கள் சார்ஜன்ட் என்பதைச் சுருக்கி அவரை 'சார்ஜ்' என்றார்கள்.

வீட்டுக்குப் போகும்போது வண்டியில் ஜனேயா சொன்னாள்: "அடுத்த தடவை எந்திரிச்சு நின்னீங்க, நான் ஜன்னல் வழியா குதிச்சிருவேன்."

"கீழ்த்தளம்தானே. குதி."

ஒரே பாடத்தில் ஒரே வகுப்பை எடுத்தது அவர் செய்த ஏற்பாடு. வீட்டில் ஓடுகிற வண்டி ஒன்றுதான். இரண்டு பேருக்கும் அல்ஜீப்ரா கட்டாயம். அவள் எந்த நேரத்தை எடுத்தாள் என்று பார்த்து அதையே எடுத்தார். அவளிடம் கேட்கவில்லை.

ஆர்லஸ் ராணுவத்தில் சேர்ந்ததே கல்லூரிக்குப் போகத்தான். அலபாமாவில் டெமோபோலிஸ் என்ற ஊர். அப்பா காகித ஆலையில் வேலை பார்த்தார், அண்ணன்களும் அங்கேயே போனார்கள். பள்ளிக்கூடத்துச் சுவரில், நாலு வருடம் நாட்டுக்கு உழைத்தால் படிப்புச் செலவு நாட்டுடையது என்று ஒரு படம் ஒட்டியிருந்தது. பதினெட்டு வயதில் கையெழுத்துப் போட்டார். அப்போது மனைவி யுவெட்டின் வயிற்றில் மூத்தவன் டெல்வின் இருந்தான். நாலு வருடம், பிறகு பொறியியல் என்பது கணக்கு.

கொரியாவில் இருந்தபோது மாலை வகுப்பில் ஆங்கிலம் எடுத்தார். மூன்றாவது வாரம் படைப்பிரிவு பயிற்சிக்கு மலைக்குப் போனது. விலகல். அமெரிக்கக் கல்லூரிகள் விலகினவனின் மதிப்பெண் தாளில் டபிள்யூ என்று ஒரே ஓர் எழுத்தைப் போடும். ஜெர்மனியில் சரித்திரம் எடுத்தார். ஈராக்குக்குக் கிளம்பச் சொல்லி உத்தரவு வந்தது. டபிள்யூ. ஈராக்கில் கூடாரத்தில் உட்கார்ந்து கணினி வழியாக உளவியல் எடுத்தார். மணல்காற்றில் இணைப்பு பதினோரு நாள் அறுந்து கிடந்தது. டபிள்யூ. நாலாவது ஓக்லஹோமாவில், பீரங்கிப் படை முகாம் இருக்கும் இந்த லாட்டனிலேயே எடுத்தது. ஐந்தாவது என்ன பாடம் என்று அவருக்கே நினைவில்லை. ஐந்து கல்லூரி, ஐந்து டபிள்யூ. ஒவ்வொரு தடவையும் நியாயமான காரணம் இருந்தது. நாலு வருடம் எட்டாகி, பன்னிரண்டாகி, இருபத்திரண்டானது.

நாடு தருவதாகச் சொன்ன படிப்புச் செலவு மட்டும் பத்திரமாக இருந்தது. முப்பத்தாறு மாதத்துக்கு. அதை அவரே படித்துத் தீர்க்கலாம். இல்லாவிட்டால், இன்னும் நாலு வருடம் பணியில் இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்து, பிள்ளைகள் பேருக்கு மாற்றலாம். டெல்வினுக்குப் பதினாறு, ஜனேயாவுக்கு எட்டு வயதானபோது அவர் எழுதிக் கொடுத்தார். டெல்வின் கல்லூரிக்குப் போகவே இல்லை. மேற்கு டெக்சஸில் எண்ணெய் லாரி ஓட்டுகிறான். அப்பாவைவிட அதிகம் சம்பாதிக்கிறான். அப்பாவைவிட நன்றாகத் தூங்குகிறான்.

மாற்றுவதில் ஒரு விதி உண்டு. லாட்டனில் வண்டிப் பட்டறையில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஏனென்றால் அதை அவர்கள் மண்டையில் அடித்து ஏற்றியவர் ஆர்லஸ்தான். சாப்பாட்டு இடைவேளைக்கு முன்னால் தன் மெக்கானிக்குகளை வரிசையாக நிறுத்துவார்.

"புள்ளைகுட்டி இருக்கறவன்லாம் கையைத் தூக்கு. ஃபாரத்துல யாருக்கு எத்தனை மாசம் எழுதின, ஹோல்கம்?"

"பொண்டாட்டிக்கு முப்பத்தாறு, சார்ஜன்ட்."

"புள்ளைக்கு?"

"அது இப்பத்தான் பொறந்திருக்கு, சார்ஜன்ட். பால் குடிக்குது."

"அது பால் குடிச்சா என்ன, பீர் குடிச்சா என்ன. ஒரு மாசமாவது போடு. சீருடையைக் கழட்டின பிறகு மாசத்தை இங்கேர்ந்து அங்க மாத்தலாம். ஒரு மாசம்கூட இல்லாதவனுக்கு ஒண்ணும் குடுக்க முடியாது. கதவு சாத்தியாச்சு. புரியுதா?"

"ஒரு மாசமாவது, சார்ஜன்ட்!" எல்லோரும் ஒரே குரலில். கேலியாகத்தான். ஆனால் எழுதினார்கள்.

போன வருடம் குளிர்காலத்தில், ஜனேயா பள்ளி இறுதியில் இருந்தபோது, டெல்வின் பேரில் இருக்கும் மாதங்களை அவளுக்கு மாற்றச் சொல்லி ஆர்லஸ் படைவீரர் நல அலுவலகத்தைத் தொலைபேசியில் கேட்டார். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு ஒரு பெண் வந்தாள்.

"சார், மகள் பேருக்கு நேரா பூஜ்யம்னு இருக்கு."

"நான் போடலையே."

"நீங்கதான் போட்டிருக்கீங்க, சார். தேதியும் இருக்கு."

தேதியைச் சொன்னாள். அவருக்கு அந்த நாள் நினைவு வந்தது. கணினித் திரையில் இரண்டு பேர், இரண்டு கட்டம். கூட்டினால் முப்பத்தாறு வர வேண்டும். பையனுக்கு முப்பத்தாறு என்று அடித்தார். அடுத்த கட்டத்தைக் காலியாக விட்டால் பக்கம் நகரவில்லை. பூஜ்யம் அடித்தார். அப்போது பட்டறையில் யாரோ கத்தினார்கள், வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்த ஜாக் நழுவிவிட்டது. ஓடினார். விதி எல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. தெரிந்தபிறகு ஊருக்கெல்லாம் சொன்னார். தன் பக்கத்தை மறுபடி திறந்து பார்க்கவில்லை. ஓய்வு பெறும்போது குமாஸ்தா பட்டியலை வைத்துக்கொண்டு, "படிப்பு மாத்தியாச்சா?" என்றான். "ஆச்சு," என்றார். பொய் இல்லை.

வீட்டில் வேறு மாதிரி சொன்னார். "டெல்வின் பேர்ல போட்டதை இனிமே மாத்த முடியாதாம். சட்டமாம்." சட்டம் என்றால் எங்கள் ஊரில் மேலே யாரும் கேட்பதில்லை. இங்கே பாதிக் குடும்பங்கள் ஏதாவது ஒரு சட்டத்தால் எதையாவது இழந்தவைதான்.

ஆனால் மகனிடமிருந்து திரும்ப எடுத்து அவரே படிக்கலாம். முழுநேரம் படித்தால் மாதாமாதம் வாடகைக்கென்று வீட்டுப்படியும் வரும். ஜனேயாவின் கல்லூரிக் கட்டணத்துக்கு அது போதும்.

"நான் உக்காந்தா, நீயும் உக்காரலாம்," என்றார் மகளிடம்.

யுவெட் முகாமுக்குள் இருக்கும் மளிகைக்கடையில் காசாளர். வெண்டைக்காயை எண்ணெயில் போட்டுக்கொண்டே சிரித்தாள். "உன்னையா? உன்னை யாரு நாற்காலில கட்டி வைக்கறது? நம்ம கல்யாணத்துல பாதிரியார் ஜெபம் முடிக்கறதுக்குள்ள அவர் கார் பானெட்டைத் திறந்தவன் நீ."

"ஃபேன் பெல்ட் சத்தம் கேட்டுது."

"எனக்குக் கேக்கலையே. நான் ஜெபத்தைக் கேட்டுட்டு இருந்தேன்."

ஜனேயா சிரிக்கவில்லை. அவள் அந்த வாரம்தான் கடைத்தெருவில் இருக்கும் ஆள் சேர்ப்பு அலுவலகத்துக்குப் போய்த் துண்டுத்தாள்கள் வாங்கி வந்திருந்தாள். அவற்றை மேஜையில் வைத்தாள். "டிசம்பர் வரைக்கும் பாக்கறேன். ஓடலைன்னா கையெழுத்து போட்டுருவேன். நீங்க அப்படித்தானே போனீங்க."

அப்படித்தான் போனார் என்பதால்தான் அவருக்கு வேண்டாம். அதைச் சொல்ல முடியவில்லை. ராணுவம் அவருக்கு வீடும் சம்பளமும் பல் வைத்தியமும் கொடுத்திருந்தது. சாப்பிடும் தட்டைத் திட்டுகிற பழக்கம் அவருக்கு இல்லை. "டிசம்பர்," என்று தலையாட்டினார்.

கல்லூரியும் ஒரு நிபந்தனை போட்டது. பழைய ஐந்து டபிள்யூவைப் பார்த்துவிட்டு, இந்த செமஸ்டரில் ஒரு பாடத்தில் விலகினாலோ எழுபதுக்குக் கீழே வாங்கினாலோ அடுத்த செமஸ்டரில் இடம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

மற்ற பாடங்கள் எப்படியோ ஓடின. அல்ஜீப்ராதான் நின்றது. ஐம்பது நிமிடம் உட்கார வேண்டும். இருபதாவது நிமிடத்தில் எழுந்து வெளியே போய்த் தண்ணீர் குடிப்பார். முப்பத்தைந்தில் வண்டியைப் பார்ப்பார். அவர் திரும்பி வரும்போதெல்லாம் பலகையில் சமன்பாடு முடிந்திருக்கும். நடுப்பரீட்சையில் நாற்பத்தொன்று.

அன்றிலிருந்து சாயங்காலம் சமையலறை மேஜையில் ஜனேயா பாடம் எடுத்தாள்.

"ஒரு லாரி மணிக்கு அறுபது மைல்ல போகுது. இன்னொண்ணு—"

"என்ன லாரி?"

"ஏதோ ஒரு லாரி."

"லோடு ஏத்தியிருக்கா?"

"அப்பா."

"மேட்டுல லோடோட அறுபதுல போகாது, அதான் சொன்னேன்."

"மேடே கிடையாது! தரை! தட்டைத் தரை! ஓக்லஹோமா!"

தூரத்தில் பயிற்சித் திடலில் பீரங்கி சுட்டார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, தட்டில் கரண்டி நகர்ந்தது. லாட்டனில் அதற்கு யாரும் தலை தூக்குவதில்லை. ஆர்லஸ் மட்டும் எழுந்தார்.

"எங்க போறீங்க?"

"கண்ணாடி சட்டம் லூஸா இருக்கு."

"உக்காருங்க."

உட்கார்ந்தார். அவள் அவருடைய விடைத்தாளைப் பார்த்தாள். அவளுடைய உயிரியல் புத்தகம் மூடியபடி கிடந்தது. மறுநாள் அவளுக்கு அதில் பரீட்சை.

"நான் என் பாடத்தைப் படிக்கறதைவிட உங்க பாடத்தைத்தான் அதிகம் படிக்கறேன்," என்றாள். "நீங்க பெயிலானா நான் அவுட்டு. வகுப்புல நான் பலகையைப் பாக்கறதே இல்ல, நீங்க எந்திரிக்கறீங்களான்னு பாத்துட்டே இருக்கேன். இதைவிடக் கையெழுத்து போடறது சுலபம்ப்பா."

அக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமைதான் விலகலுக்குக் கடைசி நாள். அன்று மதியம் ஆர்லஸ் கல்லூரியில் முன்னாள் படைவீரர்களுக்கான ஜன்னலில் போய் நின்றார்.

"விலகினா டபிள்யூ," என்றாள் உள்ளே இருந்த பெண். "இதுவரைக்கும் வந்த வீட்டுப்படியைத் திரும்பக் கட்டணும். அடுத்த செமஸ்டர் இல்ல."

"தெரியும்."

"தெரிஞ்சா எதுக்கு வந்தீங்க?"

"ஃபாரம் எப்படி இருக்கும்னு பாக்கலாம்னு."

"அஞ்சு தடவை பாத்திருக்கீங்க, மிஸ்டர் பெட்வே. இங்க எழுதியிருக்கு." ஆனாலும் கொடுத்தாள்.

அதை வண்டியில் வெயில்தடுப்புப் பலகையில் செருகினார். எஞ்சினைப் போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார். அப்போது தொலைபேசி அடித்தது. ஹோல்கம். அவருடைய பட்டறையில் மெக்கானிக்காக இருந்த அதே ஹோல்கம். இப்போது ஆள் சேர்ப்பு அலுவலகத்தில் சார்ஜன்ட்.

"உங்க பொண்ணு இங்க வந்திருக்கா, சார்ஜன்ட். இன்னும் ஒண்ணும் போடலை. நான் உங்களைக் கூப்பிடறது அவளுக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாம உங்க வீட்டு ஆளை எடுத்தேன்னு நாளைக்கு என் முகத்துல யாரும் துப்பக்கூடாது."

நகம் வெட்டும் கடைக்கும் டோனட் கடைக்கும் நடுவில் அந்த அலுவலகம். ஆர்லஸ் உள்ளே போனதும் ஹோல்கம் எழுந்து விறைத்தான். ஜனேயா டோனட் தின்றுகொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"டிசம்பர்னு சொன்னியே," என்றார்.

"விசாரிக்கத்தான் வந்தேன். இன்னிக்கு விலகல் கடைசி நாள். நீங்க அந்த ஜன்னல்ல நிக்கறதை லைப்ரரிலேர்ந்து பாத்தேன்."

ஆர்லஸ் மேஜையில் கோணலாகக் கிடந்த துண்டுத்தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

ஹோல்கம் இடையில் புகுந்தான். நல்ல மனதுடன்தான். "எனக்கு ஒண்ணுதான் புரியலை, சார்ஜன்ட். இவளுக்கு உங்க மாசத்தைக் குடுத்துட்டா நீங்களும் கஷ்டப்பட வேண்டாம், இவளும் இங்க வர வேண்டாமே. பையன் பேர்லேர்ந்து எடுத்து இவ பேர்ல போட்டா போச்சு."

"முடியாதாம்," என்றாள் ஜனேயா. "சட்டமாம்."

"எந்தச் சட்டம்?" ஹோல்கம் சிரித்தான். "சட்டத்தை எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே இவர்தானே. 'ஒரு மாசமாவது.' பட்டறைல இவர் தலை தெரிஞ்சாலே நாங்க கோரஸா கத்துவோம். என் ரெண்டாவது பையன் பொறந்து நாலாவது நாள் என்னைக் கணினி முன்னாடி இழுத்துட்டுப் போய் உக்கார வெச்சு, பின்னாடி நின்னு பாத்தார். பேருக்கு நேரா ஒரு மாசம் இருந்தாப் போதும், எப்ப வேணா மாத்—"

நிறுத்தினான். ஆர்லஸின் முகத்தைப் பார்த்துவிட்டான்.

டோனட் கடையில் மணி அடித்தது. யாரோ உள்ளே போனார்கள்.

"எனக்கு எத்தனை போட்டீங்க?" என்றாள் ஜனேயா.

அவர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். டெமோபோலிஸில் பார்த்த படம் இல்லை. ஆட்கள் வேறு, வாசகம் வேறு. சொல்வது அதையேதான்.

"எத்தனைப்பா?"

"பூஜ்யம்."

அவள் விரல்களில் ஒட்டியிருந்த சர்க்கரையைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாக. "சரி," என்றாள். "வீட்டுக்குப் போலாம்."

வண்டி இரண்டு சிக்னலைத் தாண்டியது. வெயில் கண்ணில் அடித்தது. அவள் தடுப்புப் பலகையை இறக்கினாள். தாள் மடியில் விழுந்தது. படித்தாள்.

"பேனா வேணுமா? எங்கிட்ட இருக்கு."

"போட மாட்டேன்."

"அன்னிக்கு என்ன அவசரம்?"

"ஜாக் நழுவிடுச்சு. அடில ஒருத்தன் இருந்தான்."

"செத்துட்டானா?"

"இல்ல. பூட்ஸ் நசுங்குச்சு. அவ்வளவுதான்."

"அதுக்கப்புறம் அஞ்சு வருஷம் நீங்க வேலைல இருந்தீங்க."

"தினமும் ஏதாவது ஒரு ஜாக்."

அவள் தாளை நாலாக மடித்தாள். "ஹோல்கம் வீட்டுக் கைக்குழந்தைக்குப் பாத்தீங்க. பேர் தெரியாதவன் புள்ளைக்கெல்லாம் பாத்தீங்க. நான் உங்க வீட்ல, உங்க மேஜைல, உங்களுக்குப் பக்கத்துல உக்காந்து சோறு தின்னுட்டு இருந்தேன்." பிறகு சொன்னாள்: "அண்ணன் மேல ஒரு வருஷமா கோபமா இருக்கேன். போன்ல அவன்கூடப் பேசறதில்ல. அவனுக்கு ஏன்னே தெரியாது."

ஆர்லஸ் பச்சை விழுந்தும் நகரவில்லை. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

"டிசம்பர்னு சொன்னேன். டிசம்பர் வரைக்கும் வருவேன், சொல்லியும் குடுப்பேன். கணக்கைத் தவிர வேற எதுவும் எங்கிட்ட பேசாதீங்க."

அப்படியே நடந்தது. சமையலறை மேஜையில் சமன்பாடுகள் மட்டும். "இங்க மைனஸ்." "எங்க?" "அடைப்புக்கு வெளியில." யுவெட் இரண்டு நாள் பார்த்துவிட்டு, ஆர்லஸைக் குளியலறை வாசலில் மறித்து விஷயத்தை வாங்கினாள். பிறகு, "டெல்வினைக் கூப்பிட்டு நீயே சொல்லு," என்றாள். கூப்பிட்டார். மகன் மறுமுனையில் லாரி எஞ்சின் சத்தத்துக்கு மேல் சிரித்தான். "இதுக்கா அவ எனக்குப் பொறந்தநாள் வாழ்த்து அனுப்பலை? என்கிட்ட சொல்லியிருந்தா அன்னிக்கே ஒரு மாசம் அவளுக்குத் தள்ளச் சொல்லியிருப்பேன்ப்பா. எனக்கு எதுக்கு முப்பத்தாறு?"

வகுப்பில் ஆர்லஸ் எழுந்து போவதை நிறுத்தப் பார்த்தார். இருபதாவது நிமிடத்தில் நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். பின்வரிசைப் பையன் ஒருநாள் மெதுவாக, "சார்ஜ், விமானம் ஏறப்போகுதா?" என்றான். ஜனேயா திரும்பிப் பார்க்கவில்லை. நவம்பர் முழுக்க அவள் பலகையை மட்டும் பார்த்தாள்.

இறுதிப் பரீட்சை இரண்டு மணி நேரம். ஜனேயா ஐம்பது நிமிடத்தில் முடித்து, தாளைக் கொடுத்துவிட்டு, அவர் பக்கத்தில் நிற்காமல் கதவைத் திறந்துகொண்டு போனாள். ஒவ்வொருவராகப் போனார்கள். பீரங்கி சுட்டார்கள். வண்டியைப் பூட்டினோமா என்று ஒரு எண்ணம் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. பூட்டவில்லை என்றே தோன்றியது. சாவி அதிலேயே இருப்பது போலவும் தோன்றியது. ஏழாவது கணக்கை மூன்று தடவை அடித்து எழுதினார். கடைசியில் அறையில் அவரும் திருமதி டோயெபோவும் மட்டும்.

"நேரம் ஆச்சு, மிஸ்டர் பெட்வே."

சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. "நான் எந்திரிக்கவே இல்ல, மேடம்," என்றார்.

"பாத்தேன்."

வீட்டுப்பாடமும் சேர்த்து, பாடத்துக்கு மொத்தம் எழுபத்திரண்டு. ஜனேயாவுக்குத் தொண்ணூற்றாறு.

மதிப்பெண் வந்த அன்று இரவுச் சாப்பாட்டில் ஜனேயாவே முதலில் பேசினாள். "அப்பா பாஸ். அடுத்த செமஸ்டருக்கு எனக்குப் பணம் இருக்கு. இருந்தாலும் நான் போறேன். புதன்கிழமை கையெழுத்து."

யுவெட் துண்டை மேஜையில் எறிந்தாள். "எதுக்கு? அதான் பாஸாயிட்டானே இந்த மனுஷன்! இத்தனை நாள் அவனை உக்கார வெச்சது எதுக்கு?"

"அடுத்த தடவையும் பாஸாகணும்மா. அதுக்கடுத்த தடவையும். நாலு வருஷம். இவர் எப்ப எந்திரிப்பார்னு பாத்துக்கிட்டே என்னால உக்கார முடியாது."

"கோபத்துல போறியா?" என்றார் ஆர்லஸ்.

அவள் யோசித்தாள். "கொஞ்சம். முழுசா இல்ல. எனக்கும் இந்த ஊர்ல கால் நிக்கலை. அது உங்ககிட்டேர்ந்து வந்தது, அதுக்கு ஃபாரம் எதுவும் தேவைப்படலை."

"ரெண்டும் ஒரே வார்ப்பு," என்றாள் யுவெட். எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

பிப்ரவரியில் அவர்தான் அவளை, பயிற்சிக்கு ஆள் அனுப்பும் ஓக்லஹோமா சிட்டி நிலையத்துக்கு ஓட்டிப்போனார். தொண்ணூறு மைல். வழியில் ஓரிடத்தில் நிறுத்தி டயரைப் பார்த்தார். அவள் இறங்கும்போது பையை எடுத்துக் கொடுத்தார். சொல்ல நினைத்ததில் வாயில் வந்தது ஒன்றுதான்: "எந்தத் தாளையும் அவசரமா நிரப்பாத. யார் கத்தினாலும்."

"தெரியும்ப்பா."

"எல்லாக் கட்டத்தையும் படி."

"தெரியும்ப்பா." கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து அவளை வாங்கிக்கொண்டது.

"இப்ப யாருக்காகக் கல்லூரிக்குப் போற?" என்று யுவெட் கேட்டாள். ஆர்லஸ் வசந்த செமஸ்டருக்கு டிசம்பரிலேயே பதிவு செய்திருந்தார். இரண்டாம் அல்ஜீப்ரா, அதே திருமதி டோயெபோ. விலக வேண்டுமானால் அதற்கு ஒரு ஃபாரம் நிரப்ப வேண்டும்.

மார்ச் நடுவில் தென் கரோலினாவின் பயிற்சி முகாமிலிருந்து கடிதம் வந்தது. காலையில் தபால்பெட்டியிலிருந்து எடுத்து, பிரிக்காமல், கல்லூரி வாகன நிறுத்தத்தில் வந்து பிரித்தார். மணி எட்டே முக்கால்.

'அம்மாவுக்குத் தனியா எழுதியிருக்கேன். சாப்பாடு பரவாயில்லை, மெல்ல நேரம் குடுக்கறதில்லை. என் பக்கத்துக் கட்டில்காரி தினமும் அழறா, ஆனா என்னைவிட நல்லா ஓடறா. முதல் வாரம் முழுக்க ஃபாரம்தான். நீங்க சொன்ன மாதிரி எல்லாக் கட்டத்தையும் படிச்சேன். எனக்காக வரிசையே நின்னுச்சு, சார்ஜன்ட் கத்தினார். அப்பவும் படிச்சேன். காப்பீட்டுத் தாள்ல, நான் செத்தா பணம் யாருக்குப் போகணும்னு எழுதணும். கூட்டினா நூறு வரணும். அம்மாவுக்கு அறுபது, அண்ணனுக்கு முப்பத்தொன்பது, உங்களுக்கு ஒண்ணு. குமாஸ்தா பாத்துட்டுச் சிரிச்சான். "ஒரு சதவீதமா? உங்கப்பா அப்படி என்ன பண்ணார்?"ன்னான். பூஜ்யம் போட மனசு வரலைன்னு சொன்னேன். பேர் இருந்தாத்தானே பின்னாடி மாத்த முடியும். கணக்கு எப்படிப் போகுது? அடைப்புக்கு வெளியில மைனஸைப் பாருங்க. ஜனேயா.'

இரண்டு தடவை படித்தார். ஒரு சதவீதத்துக்கு எவ்வளவு வரும் என்று தலை தானாகக் கணக்குப் போடத் தொடங்கியது. அது எப்போது வரும் என்பது நினைவு வந்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். மூன்றாவது தடவை படித்தார்.

நிமிர்ந்தபோது மணி ஒன்பது இரண்டு. இருபத்திரண்டு வருடத்திலும் அதற்குப் பிறகும் அவர் எங்கேயும் நேரம் தவறிப் போனதில்லை. கடிதத்தைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு ஓடினார்.

"மிஸ்டர் பெட்வே?" திருமதி டோயெபோ சுண்ணக்கட்டியோடு திரும்பினார். "உடம்பு ஏதும் சரியில்லையா?"

"லேட், மேடம்."

கதவோரத்து நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். உள்ளே தள்ளி, நடு வரிசையில்தான் இடம் இருந்தது. முழங்கால்களையும் பைகளையும் தாண்டிப் போய் உட்கார்ந்தார். வண்டியைப் பூட்டினோமா என்று யோசித்தார். நினைவில்லை. பலகையில் முதல் வரி ஏற்கனவே எழுதியாகிவிட்டது. நோட்டைத் திறந்தார். கால் ஓடத் தொடங்கியது.